அன்றைய விலாசம்

பேர், விலாசம், போன் நம்பர், ஜிஎஸ்டி நம்பர், பாக்கி. ஒரு பார்ட்டியைப் பற்றி என்னென்ன எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டால் எந்த வியாபாரியும் இந்த ஐந்தையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். ஐந்து கட்டம், ஒரு டேபிள், வேலை முடிந்தது என்று தோன்றும்.

திருப்பூரில் ஒரு நூல் கடைக்காக இந்த டேட்டாபேஸை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஐந்தில் எதுவும் அந்த ஒரே டேபிளுக்குள் சும்மா உட்காரவில்லை. பெரும்பாலானவை எழுந்து தமக்கென்று வேறிடம் கேட்கின்றன. ஏன் கேட்கின்றன என்று யோசித்தபோது எழுதிக்கொண்ட குறிப்புகள் இவை.

*

டேபிள் என்ற இந்த யோசனையை முன்வைத்து எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரை பதினோரு பக்கம்தான். இங்கிலாந்தில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் ஓட்டியவர், கணிதம் படித்தவர். அப்போது ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் தகவலைக் கிளை கிளையாக அடுக்கி வைப்பார்கள். ஐபிஎம்மின் ஐஎம்எஸ் அப்படிப்பட்டது. நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் உதிரிபாகக் கணக்குக்காக உருவானது. நூல் கடைக்கு அதைப் பொருத்திப் பார்க்கிறேன். மேலே பார்ட்டி, அவருக்குக் கீழே பில்கள், ஒவ்வொரு பில்லுக்கும் கீழே நூல் ரகங்கள். இந்தப் பார்ட்டி என்ன வாங்கினார் என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும். 34-ஆம் கவுண்ட் நூலை யார் யார் வாங்கினார்கள் என்று கேட்டால் எல்லாப் பார்ட்டியின் கிளையிலும் ஏறி இறங்க வேண்டும். எந்தக் கேள்வி சுலபம், எந்தக் கேள்வி கஷ்டம் என்பதை அடுக்கியவரே முடிவு செய்துவிட்டார்.

காட் சொன்ன மாற்று எளியது. எல்லாவற்றையும் தட்டையான டேபிள்களில் வையுங்கள். ஒன்றை ஒன்றோடு சேர்ப்பது அவற்றுக்குள் இருக்கும் மதிப்புகளாக இருக்கட்டும். மெஷினுக்குள் எது எங்கே கிடக்கிறது என்பது கேட்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஐபிஎம் இதை ஏற்பதில் அவசரம் காட்டவில்லை. ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் 1974-இல் அதே ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கான கேள்வி மொழியை எழுதினார்கள். இன்று நாம் எழுதும் எஸ்கியூஎல் அதன் தொடர்ச்சி. 1981-இல் காட்டுக்கு டூரிங் விருது கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் என்னை இன்றும் நிறுத்தி வைப்பது அதன் பணிவு. நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆகவே இன்றைக்கே எந்தக் கேள்விக்கும் சலுகை காட்ட மாட்டேன் என்ற நிலைப்பாடு அது.

*

பிளஸ் ஒன்னில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு 'பே.ப.எ.' ஞாபகம் இருக்கும். குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒடுங்கலாக ஒரு பத்தி: பேரேட்டுப் பக்க எண். இந்த வரவு செலவு யாருடையதோ அவர் கணக்கு பேரேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். அவருடைய விலாசத்தையோ முழுப் பேரையோ குறிப்பேட்டில் மறுபடி எழுத வேண்டாம். பக்க எண் போதும், திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றைச் சுட்டும் ஃபாரின் கீ செய்வது அதையேதான். மெஷின் கூடுதலாகக் காவல் காக்கிறது, அவ்வளவு. இல்லாத பக்கத்தின் எண்ணை எழுதினால் வாங்க மறுத்துவிடும். யாரோ ஒருவருக்குப் பதிவு நிற்கும்போது அவருடைய பக்கத்தைக் கிழிக்கவும் விடாது. கடைகளில் தலைமுறையாகக் கணக்கு எழுதியவர்களுக்கு இந்தத் தத்துவத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. அவர்கள் கைக்குத் தெரியும்.

*

ஐந்தில் முதலில் கிளம்பியது போன் நம்பர்.

கம்பெனிக்குப் போன் இருக்கும். பேசுவது ஆள்தானே. நூல் வேண்டும் என்று சொல்வது மெர்ச்சண்டைசர், ரேட் பேசுவது ஓனர், செக் எப்போது என்று சொல்வது அக்கவுண்டன்ட், நடுவே புரோக்கர் ஒருவர். 'போன் 1, போன் 2, போன் 3' என்று கட்டம் போட்டால் நான்காவது ஆள் வந்து நிற்பார். இன்னொன்றும் உண்டு. இந்த ஊரில் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது சாதாரணம். போன வருஷம் ஒரு கம்பெனிக்காக நூல் கேட்டவர் இந்த வருஷம் வேறொரு கம்பெனிக்காகக் கேட்பார். நம்பர் அதே நம்பர். கடைக்கும் அவருக்கும் உள்ள பழக்கம் கம்பெனியோடு அறுந்துவிடுவதில்லை.

ஆகவே ஆள் ஒரு டேபிள், பார்ட்டி ஒரு டேபிள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று: எந்த ஆள், எந்தப் பார்ட்டியில், என்ன பொறுப்பில், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. இந்த நடு டேபிளுக்குக் கடையில் யாரும் பேர் வைத்ததில்லை. ஆனால் வியாபாரத்தில் பாதி இதற்குள்தான் நடக்கிறது.

சின்னதாக ஒன்று. போன் நம்பரைக் கூட்டப் போவதுமில்லை, பெருக்கப் போவதுமில்லை. எழுத்தாகவே வைக்கலாம். எண் என்று வைத்தால் 0421-இன் முன்னால் உள்ள சைபர் உதிர்ந்துவிடும்.

*

விலாசம் அப்படிச் சுலபமாகக் கிளம்பவில்லை.

நூல் பில்லில் இரண்டு விலாசம் வரும். வாங்குவது பனியன் கம்பெனி. ஆனால் கம்பெனிக்குள் நூலுக்கு வேலை கிடையாது. அதைத் துணியாக்கும் நிட்டிங் யூனிட் வேறிடத்தில், வேறொருவருடையதாக இருக்கும். மூட்டைகள் நேராக அங்கே இறங்கும். கடையில் பில் போடும் அக்காவிடம் இதை விசாரித்தபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பில்லு கம்பெனி பேருக்குங்க. டெம்போ நிட்டிங்குக்குப் போயிருமுங்க. அந்த நிட்டிங்காரரும் நம்ம பார்ட்டிதானுங்க, அவரும் தனியா நூல் வாங்குவாருங்க."

அந்த மூன்று வாக்கியத்துக்குள் மூன்று முடிவுகள் இருந்தன. பில்லில் இருப்பது ஒரு பார்ட்டி அல்ல, இரண்டு. பணம் தர வேண்டியவர் ஒருவர், சரக்கு இறங்கும் இடம் இன்னொருவருடையது. அடுத்து, விலாசத்தைப் பார்ட்டியின் கட்டங்களில் ஒன்றாக வைக்க முடியாது. ஆபீஸ், குடோன், யூனிட் என்று ஒரே பார்ட்டிக்குப் பல இடங்கள் இருக்கும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வாங்குகிறவர், ஜாப் ஒர்க் செய்கிறவர், சரக்கைப் பெறுகிறவர் என்பவர்கள் வேறு வேறு ஆட்கள் அல்லர். ஒரே பார்ட்டி வேறு வேறு சமயத்தில் ஏற்கும் பொறுப்புகள்.

கஸ்டமருக்கு ஒரு டேபிள், சப்ளையருக்கு ஒரு டேபிள் என்று போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிப் போட்டால் அந்த நிட்டிங்காரர் இரண்டு ஆளாகிவிடுவார். ஒரு பக்கம் அவர் நமக்குத் தர வேண்டியது நிற்கும், மறுபக்கம் நாம் அவருக்குத் தர வேண்டியது நிற்கும். இரண்டும் ஒருவரே என்று மெஷினுக்குத் தெரியாது. பார்ட்டி ஒரே டேபிள். அவர் ஏற்கும் பொறுப்புகள் தனி டேபிள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பில் விலாசத்தையும் சரக்கு விலாசத்தையும் கலந்துவிட்டால் வரியும் தப்பும். டெல்லியில் பதிவுள்ள ஒரு நிறுவனம் இந்தக் கடையில் நூல் வாங்கி, திருப்பூர் நிட்டிங் யூனிட்டிலேயே இறக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு ஊரைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் போட வேண்டியது மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் சரக்கு இறங்கினால், சொன்னவரே பெற்றுக்கொண்டதாகக் கருதி அவருடைய முதன்மை வியாபார இடத்தையே வழங்கல் இடமாகக் கொள்ள வேண்டும் என்கிறது ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10-ஆம் பிரிவு. டெம்போ எங்கே போனது என்பதை ஒரு டேபிளும், வரி எந்த மாநிலத்துக்கு என்பதை இன்னொரு டேபிளும் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

பின்கோடைத் தட்டினால் மாவட்டம் தானாக வந்து விழட்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான ஆசை. முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டத்தைச் சொல்லிவிடலாம் என்றும் சிலர் நினைப்பார்கள்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. திருப்பூர் மாவட்டம் 2009-இல் உருவானது, கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு. மாவட்டம் மாறியதே தவிர தபால் எண்கள் மாறவில்லை. திருப்பூர் நகரம் 641-இல் தொடங்குகிறது, காங்கேயம் 638-இல், உடுமலை 642-இல். மூன்றும் இன்று ஒரே மாவட்டம். தபால்காரரின் வரைபடம் வேறு, கலெக்டர் ஆபீஸ் வரைபடம் வேறு. இரண்டையும் தனித்தனியாகவே வைக்கிறேன்.

*

ஜிஎஸ்டி நம்பரைப் பார்ட்டியின் அடையாளமாகவே வைத்துவிடலாமே என்ற யோசனை வராமல் இருக்காது. பதினைந்து எழுத்து, ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. பிரைமரி கீக்கு வேறென்ன வேண்டும்?

அதைப் பிரித்துப் பார்த்தால் நிதானம் வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். பிறகு, அதே பானில் அந்த மாநிலத்துக்குள் இது எத்தனையாவது பதிவு என்பதற்கு ஒன்று, வழக்கமாக இசட் என்ற எழுத்து ஒன்று, கடைசியில் சரிபார்ப்புக்கு ஒன்று. பானுக்குள் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. அதன் நான்காவது எழுத்து, வைத்திருப்பவர் யார் என்று சொல்லும்: தனிநபர் என்றால் பி, கம்பெனி என்றால் சி, கூட்டுத்தொழில் என்றால் எஃப், இந்துக் கூட்டுக்குடும்பம் என்றால் ஹெச்.

ஒரே பான் மூன்று மாநிலத்தில் தொழில் செய்தால் மூன்று ஜிஎஸ்டி நம்பர். ஆகவே பார்ட்டி ஒன்று, அதன் பதிவுகள் பல. பதிவுகளுக்குத் தனி டேபிள். பல சிறு நிட்டிங்காரர்களிடம் நம்பரே இருக்காது. ஜாப் ஒர்க் சேவை என்பதால் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை.

இதையெல்லாம் விடக் கனமான காரணம் ஒன்று உண்டு. ஒரு தனிநபர் நடத்திய கம்பெனியில் அவர் காலமாகிறார். மகன் பொறுப்பேற்கிறார். அதே கட்டடம், அதே போர்டு, அதே தையல்காரர்கள். ஆனால் அப்பாவின் பான் அப்பாவோடு முடிந்துவிட்டது. மகனுடைய பான் வேறு, எனவே ஜிஎஸ்டி நம்பரும் வேறு. சட்டத்தின் கண்ணில் இவர் புதிய ஆள். கடைக்காரரைக் கேட்டால், இருபது வருஷப் பார்ட்டி என்பார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சொல்வது சரிதான். சட்டப்படி இரண்டு பார்ட்டி. வியாபாரத்தில் ஒரு தொடர்ச்சி. இரண்டையும் வைத்துக்கொள்ள டேபிளில் இடம் வேண்டும். மகனைப் புதிய வரிசையாக எழுதி, அவர் யாருடைய தொடர்ச்சி என்று அப்பாவின் வரிசையைச் சுட்டும் கட்டம் ஒன்றை வைத்திருக்கிறேன். அண்ணன் தம்பிகள் பிரிந்து ஒரு கம்பெனி இரண்டாகும்போதும் அதே வழிதான். இரண்டு புதிய வரிசைகளும் பழைய ஒன்றைச் சுட்டும்.

பிரைமரி கீ வெறும் ஓர் எண். 417 என்றால் 417. அது ஊரைச் சொல்லாது, பேரைச் சொல்லாது, சேர்ந்த வருஷத்தைச் சொல்லாது. எதையும் சொல்லாததால் எது மாறினாலும் அது பொய்யாகாது.

*

திருத்துவது வேறு, மாற்றுவது வேறு. இந்த வேலை முழுவதிலும் நான் அதிகம் யோசித்தது இதைத்தான்.

பில் போடும் அக்கா 'அவிநாசி ரோடு' என்பதில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டார், பிறகு சரி செய்கிறார். அது திருத்தம். அந்தத் தவறான விலாசத்தில் அந்தப் பார்ட்டி ஒருநாளும் இருந்ததில்லை. பார்ட்டி அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோட்டுக்குக் குடிபோகிறார். அது மாற்றம். நேற்று வரை அவர் அங்கேதான் இருந்தார். அது உண்மை, நாளைக்கும் உண்மை.

எஸ்கியூஎல்லில் இரண்டுக்கும் ஒரே கட்டளைதான்: அப்டேட். பழையது போய்விடும், புதியது அந்த இடத்தில் உட்காரும். தாளில் எழுதிய காலத்தில் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, மேலே எழுதுவார்கள். அடித்ததும் படிக்கக் கிடைக்கும். கம்ப்யூட்டர் அந்தக் கோட்டை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. எழுதுவது எளிதானபோது அழிப்பதும் எளிதாகிவிட்டது.

ஆகவே விலாச டேபிளில் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு தேதிகள்: எதிலிருந்து, எதுவரை. குடிபோனால் பழைய வரிசையை மூடிவிட்டுப் புதிய வரிசை திறக்க வேண்டும். எழுத்துப் பிழைக்கு மட்டும்தான் இருந்த இடத்திலேயே திருத்தம். திரையிலும் இரண்டு பொத்தான்கள் வைத்திருக்கிறேன்: 'பிழை திருத்தம்', 'இடம் மாறிவிட்டது'. அக்காவுக்கு ஒரு நொடி கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நொடியை அவரிடம் கேட்டு வாங்குவது நியாயம்தான் என்று நினைக்கிறேன். காலத்தோடு சேர்ந்த டேபிள்களை எஸ்கியூஎல் தரமே 2011-இல்தான் முறையாகச் சேர்த்துக்கொண்டது.

பில் இதையும் தாண்டிய விஷயம். பில்லில் விலாச வரிசையின் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. எழுத்துப் பிழையோடு போன பில் எழுத்துப் பிழையோடுதான் பார்ட்டியின் ஃபைலில் இருக்கிறது. அதிகாரி கேட்கும்போது நம்மிடமிருந்து வரும் நகல் அதே பிழையோடு வர வேண்டும். அதனால் பில் டேபிள் அன்றைய பேர், அன்றைய விலாசம், அன்றைய ஜிஎஸ்டி நம்பர் மூன்றையும் எழுத்தாகவே தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

பாடம் படித்தவர்கள் இங்கே புருவத்தை உயர்த்துவார்கள். ஒரு செய்தியை ஓரிடத்தில்தான் வைக்க வேண்டும் என்பதல்லவா நார்மலைசேஷன்? ஆமாம். ஆனால் இவை ஒரே செய்தி அல்ல. 'இந்தப் பார்ட்டி எங்கே இருக்கிறார்' என்பது ஒன்று. 'அன்று எந்த விலாசம் எழுதிப் பில் கொடுத்தோம்' என்பது வேறொன்று. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஒன்று மாறும்போது மற்றது மாறக் கூடாது என்றால் அவை இரண்டு செய்திகள். இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் காட்டின் விதிக்கு நான் உண்மையாகத்தான் இருக்கிறேன்.

வரிவிகிதத்துக்கும் இது பொருந்தும். செயற்கை இழை நூலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது; 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். விகிதத்தை நூல் ரக டேபிளில் மட்டும் வைத்து, பில் அச்சாகும்போதெல்லாம் அங்கிருந்து எடுக்கும்படி எழுதியிருந்தால், ஆகஸ்ட் மாதத்துப் பில்லை அக்டோபரில் எடுத்துப் பார்க்கும்போது தொகையே வேறாக இருக்கும். கட்டிய வரி ஒன்று, காகிதம் காட்டுவது ஒன்று. நூல் ரக டேபிள் இன்றைய விகிதத்தைச் சொல்லட்டும். பில்லின் வரிசை அன்றைய விகிதத்தைத் தன்னிடமே வைத்திருக்கட்டும்.

*

பாக்கி.

எந்த நேரத்தில் எந்தப் பார்ட்டியைக் கேட்டாலும் இந்தத் தொகை உடனே வேண்டும் என்பார்கள். அதனாலேயே அதைப் பார்ட்டி டேபிளில் ஒரு கட்டமாக வைக்கத் தோன்றும். நான் வைக்கவில்லை. பாக்கி என்பது எழுதி வைக்கும் செய்தி அல்ல. பில்களும் வரவுகளும் சேர்ந்து தரும் விடை. விடையைத் தனியாக எழுதி வைத்தால் ஒருநாள் அது கணக்கோடு ஒத்துப்போகாது. அன்றைக்கு எதை நம்புவது?

வரவிலும் ஒரு நடு டேபிள் வேண்டியிருக்கிறது. ஒரே செக் நான்கு பில்லுக்கு வரும். ஒரே பில்லுக்கு மூன்று தவணையில் பணம் வரும். எந்த வரவிலிருந்து எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதும் டேபிள் இல்லாவிட்டால் 45 நாள் தாண்டிய பில்கள் எவை என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எதற்கென்று சொல்லாமல் மொத்தமாகப் போட்டுவிடும் பணமும் உண்டு. அது எந்தப் பில்லோடும் சேராமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பழைய பில்லில் கழித்துவிடக் கூடாது, பார்ட்டி எதற்குக் கொடுத்தார் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

பில் நம்பரைப் பற்றியும் ஒரு வரி. அது ஒரு நிதியாண்டுக்குள் மட்டும்தான் தனித்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ஏப்ரல் 1-ஆம் தேதி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் கடைகள் நிறைய. ஆண்டைச் சேர்க்காமல் பில் நம்பரைத் தனியாக நம்பக் கூடாது.

*

ஐந்தில் மிச்சம் பேர். அது மட்டும் பார்ட்டி டேபிளிலேயே இருக்கிறது, ஆனால் நிம்மதியாக இல்லை. முருகன் பேரில் எத்தனை டெக்ஸ், எத்தனை நிட்ஸ், எத்தனை கார்மெண்ட்ஸ்! ஆங்கிலத்தில் ஸ்ரீயை மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். ஒரே பார்ட்டி மூன்று பேரில் மூன்று தடவை ஏறிவிடும்.

தமிழில் எழுதினால் தீருமா என்றால், அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று காத்திருக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளை நேராக ஒப்பிடும் மெஷினுக்கு இரண்டும் வேறு. ஸ்ரீயிலும் இப்படி இரண்டு வழி உண்டு. உள்ளே எடுக்கும்போதே ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால் 'கொ' சரியாகிவிடும். ஸ்ரீக்கு அதற்கென்று தனி விதி எழுத வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கொங்கு என்று தொடங்கும் பார்ட்டியைத் தேடுகிறவர், அப்படி ஒருவர் இல்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்று தொடங்கிவிடுவார். தவறு அவருடையதாக இருக்காது.

முதல் பேர், குடும்பப் பேர் என்று இரண்டு கட்டம் போடும் வழக்கத்தை ஆள் டேபிளில் நான் எடுத்துக்கொள்ளவில்லை. நம்மிடம் இருப்பது இனிஷியலும் பேரும். ஒரே கட்டத்தில், அவரவர் எழுதுகிறபடி.

*

வெற்றுக் கட்டத்தைப் பார்த்து நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஜிஎஸ்டி நம்பர் இல்லை. ஏன் இல்லை? அவருக்குப் பதிவே கிடையாதா? இருக்கிறது, நம்மிடம் தரவில்லையா? கேட்கவே இல்லையா? டேட்டாபேஸுக்கு மூன்றும் ஒரே வெறுமை, 'நல்' (null). காட்டுக்கே இது உறுத்தியிருக்கிறது. 1990-இல் எழுதிய புத்தகத்தில், இருக்க வேண்டியது தெரியாமல் இருப்பதற்கு ஒரு குறி, இருக்க வாய்ப்பே இல்லாததற்கு இன்னொரு குறி என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். அது நடைமுறைக்கு வரவில்லை.

எனவே காரணத்தைத் தனிக் கட்டத்தில் கேட்கிறேன்: பதிவு பெற்றவர், காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர், பதிவு இல்லாதவர், இன்னும் கேட்கவில்லை. கடைசியாகச் சொன்ன விடைக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுத ஓர் இடம் இருந்தால்தான் மற்ற கட்டங்களை நம்ப முடியும்.

*

அழிப்பது பற்றி இரண்டு சட்டங்கள் இரண்டு திசையில் இழுக்கின்றன. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேவை முடிந்த பிறகு ஒருவருடைய சொந்த விவரத்தை வைத்திருக்காதே என்கிறது. வேறொரு சட்டம் வைக்கச் சொன்னால் மட்டும் விலக்கு.

ஆளையும் பார்ட்டியையும் முதலிலேயே தனித்தனியாக வைத்தது இங்கே கைகொடுக்கிறது. கம்பெனியை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் கைப்பேசி எண்ணை எடுத்துவிடலாம். ஒரு பில்லும் அசையாது. பார்ட்டியை அழித்தால் அதன் பில்களும் சேர்ந்து அழியட்டும் என்ற அமைப்பு டேட்டாபேஸில் உண்டு. ஒற்றைச் சொல்லில் எழுதிவிடலாம். நான் அதை எழுதுவதில்லை. தடுக்கும் அமைப்புதான் என் தேர்வு: பில் இருக்கும்வரை பார்ட்டியை அழிக்க முடியாது. வேண்டுமானால் 'இப்போது வியாபாரம் இல்லை' என்று குறிக்கலாம்.

*

கடையின் பழைய எக்ஸெல் ஃபைலில் கடைசிப் பத்தியின் தலைப்பு 'குறிப்பு'. வரிசை வரிசையாகப் படித்தேன். ஓனர் தவறிவிட்டார், பையனிடம் பேசவும். சரக்கு மதியத்துக்கு மேல்தான் இறக்குவார்கள். செக்கில் பேரைச் சுருக்கி எழுதக் கூடாது. சனிக்கிழமை பணம் கேட்க வேண்டாம். இரண்டு யூனிட், இரண்டாவதுக்குத் தனி பில்.

முன்பு டேபிள் வரைந்தவர் கேட்காமல் விட்டதெல்லாம் இங்கே வந்து ஒதுங்கியிருக்கிறது. தொடர்ச்சி, இறக்கும் நேரம், வங்கியில் உள்ள பேர், யூனிட்கள். என் டேபிள்களில் பாதி இந்தப் பத்தியிலிருந்து வந்தவை. ஒருவரைப் பற்றிய வசையும் சந்தேகமும்கூட அதே பத்தியில் இருந்தன. அவற்றைப் புதிய டேட்டாபேஸுக்குள் எடுத்து வரவில்லை. அந்த மனிதர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தால் அவரிடம் சொல்ல முடியாத எதையும் அவர் பேருக்கு எதிரே எழுதி வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். செக் திரும்பியதா? தேதியோடும் தொகையோடும் வரவு டேபிளில் எழுதலாம். அது நடந்தது. 'நம்ப முடியாத ஆள்' என்பது நடந்தது அல்ல.

இந்த மாதிரி வேலையைக் கையில் எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டேபிள் வரைய உட்காரும் முன் முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். பில் போடுகிறவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். கட்டத்தில் அடங்காததால் அவர் மனதிலேயே வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேளுங்கள். பழைய ஃபைலைத் தூக்கிப் போடும் முன் அதன் குறிப்புப் பத்தியைக் கடைசி வரிசை வரை படியுங்கள்.